செவிலியர் நந்தினி மீதான விசாரணையில் எங்களையும் கேட்க வேண்டும்

அனுப்புநர்:
த. தேவிகா,
த/பெ. தனகோடி,
வடக்குத் தெரு, நாவல்குப்பம்,
ஆம்பூர் வழி.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
பாலாறு வடகரை மண்டலப் பொது சுகாதார நல அலுவலகம்.

பொருள்: பொது சுகாதாரம் – நாவல்குப்பம் திருமதி சௌமியாவுக்கு அலுவலக வாயிலில் சிகிச்சை மறுக்கப்பட்டது – சிகிச்சை அளித்த செவிலியர் செல்வி நந்தினியின் தற்காலிகப் பணிநீக்கத்தை ரத்து செய்யவும், நேரில் கண்டவர்களை விசாரிக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் அண்ணன் த. மதியழகன் பெயரில் தங்கள் அலுவலகம் பெற்ற வாக்குமூலம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் அலுவலக வளாகத்திலுள்ள தாய் சேய் நல மையத்தில் பணிபுரிந்த செவிலியர் நந்தினி மீது வரும் வியாழக்கிழமை விசாரணை நடைபெறும் என்று அறிகிறேன். அந்த விசாரணையில் அவருக்கு எதிராக எங்கள் வீட்டு ஆளின் கையெழுத்து இருக்கிறது. அன்று சம்பவ இடத்தில் இருந்த எங்களில் ஒருவர்கூட இதுவரை அழைக்கப்படவில்லை. கையெழுத்திட்ட என் அண்ணனோ சம்பவ இடத்திலேயே இல்லை. ஆகவே நான் கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். பேசியவர்களின் பேச்சை அவர்கள் பேசியபடியே எழுதியிருப்பதைப் பொறுத்தருள வேண்டும். அலுவலகத் தமிழுக்கு மாற்றினால் யார் என்ன சொன்னார் என்பதே மாறிவிடும் என்று அஞ்சுகிறேன்.

1. நான் ஷூ மேல்பாகம் தைக்கும் ஒரு சிறிய யூனிட்டில் தையல் மெஷினில் வேலை செய்கிறேன். சௌமியா என் அண்ணனின் மனைவி. அவரும் அதே யூனிட்டில் எனக்குப் பக்கத்து மெஷின். கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் என்பதால் எங்களுக்கு இ.எஸ்.ஐ. வசதி கிடையாது. காய்ச்சல் என்றாலும் பிரசவம் என்றாலும் அரசு மையத்தைத்தான் நம்பியிருக்கிறோம். என் அண்ணன் தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம் பிரிவில் இருக்கிறார்.

2. தங்கள் அலுவலகத்தின் மேல் எங்கள் ஊருக்கு எந்தப் பகையும் இல்லை. டெங்கு வந்த வருடம் தங்கள் ஊழியர்கள் வீடு வீடாக வந்து தொட்டிகளைக் கவிழ்த்துக் கழுவினார்கள். தோல் ஷாப் ஆட்களுக்கென்று தாங்கள் நடத்திய முகாமில்தான் என் அண்ணனின் விரலிடுக்குப் புண்ணுக்கு முதன்முதலாக மருந்து கிடைத்தது. அந்த மருந்தைப் போட்டுவிட்டவரும் நந்தினி சிஸ்டர்தான். எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகளில் பாதிப்பேர் தங்கள் மையத்தில் பிறந்தவர்கள். அந்த நன்றியை மறந்து இதை எழுதவில்லை என்பதைத் தாங்கள் முதலில் அறிய வேண்டும்.

3. கடந்த ஆண்டு சுகாதார எல்லைகளை மாற்றியமைத்தபோது, நாவல்குப்பம் இனி ஓடைக்கு அப்பால் உள்ள வட்டாரத்தைச் சேர்ந்தது என்றார்கள். எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த கிராம சுகாதார செவிலியர் வருவதை நிறுத்திக்கொண்டார். சௌமியா அண்ணி கர்ப்பமான தொடக்கத்தில் தங்கள் மையத்தில்தான் பதிவு செய்திருந்தார். ஐந்தாம் மாதம் போனபோது, "இனிமே அந்தப் பக்கம் போங்கம்மா" என்றார்கள். லீவு போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனோம். "உங்க பேரு இன்னும் எங்களுக்கு மாறி வரலியே" என்றார்கள். மறுபடி இங்கே வந்தோம், மறுபடி அங்கே போனோம். இரண்டு இடத்திலும் யாரும் எங்களைத் திட்டவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். இந்த அலைச்சலில் அண்ணிக்குப் பிரஷர் பார்ப்பது நின்றுபோனது. கால் வீங்கியது. கர்ப்பத்தில் வீங்குவது சகஜம் என்று யூனிட்டில் பெரியவர்கள் சொன்னதை நம்பினோம்.

4. சம்பவ நாளன்று மதியத்திலிருந்தே அண்ணிக்குத் தலைவலி. ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனை ஜாஸ்தியாக இருப்பதால் வந்திருக்கும் என்று நினைத்தார். மாலை ஷிப்ட் முடிந்து யூனிட் வேனில் ஏறியதும், "கண்ணு முன்னால பூச்சி பறக்கற மாரி இருக்குது தேவிகா" என்றார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அவர் கை அதைப் பிடிக்கவில்லை. உடம்பு விறைத்து, கண் மேலே செருகி, இருக்கையிலிருந்து சரிந்தார். அதற்கு முன் யாருக்கும் ஃபிட்ஸ் வந்து நான் பார்த்ததில்லை. எங்களோடு வேலை செய்யும் புஷ்ரா அவர் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டார். இன்னொருத்தி 108-க்கு அழைத்தாள். அருகில் இருந்த வண்டி வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, அடுத்த வண்டி வரத் தாமதமாகும் என்று பதில் வந்தது. ஓட்டுநர் ஆபித் பாஷா அவர்கள் யாரையும் கேட்கவில்லை. எங்கள் வழியில் இருக்கும் ஒரே மருத்துவ இடம் தங்கள் அலுவலகம். அங்கே திருப்பினார்.

5. வாயிற்கதவு சாத்தியிருந்தது. அன்று தரச்சான்று கொடுக்க வெளியூரிலிருந்து ஆய்வுக் குழு வந்திருந்ததையும், தாங்களும் மருத்துவ அலுவலரும் மாடியில் அவர்களோடு இருந்ததையும் பிறகுதான் அறிந்தேன். கீழே நடந்தது தங்கள் காதுக்கு எட்டவில்லை என்றே இன்றுவரை நம்புகிறேன். கதவருகே அலுவலகக் கண்காணிப்பாளர் திரு. கங்காதரன் நின்றிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். நான் நாவல்குப்பம் என்றேன். அன்று நான் பொய் சொல்லி வேறு ஊரின் பெயரைச் சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்குமோ என்று இப்போதும் என் மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

"நாவல்குப்பம் இப்போ எங்க ஏரியா இல்லம்மா. உள்ள இன்ஸ்பெக்ஷன் நடக்குது. இந்த நேரத்துல கேஸ் எடுத்தா பதில் சொல்லணும். நேரா பெரியாஸ்பத்திரிக்கு போயிடுங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கதவின் மேல் வைத்திருந்த கையையும் அவர் எடுக்கவில்லை.

பாஷா அவர்கள் இறங்கி வந்து, "சார், பெரியாஸ்பத்திரி எவ்ளோ தூரம்னு உங்களுக்குத் தெரியாதா? வயித்துல புள்ளையோட பொம்பள இழுத்துக்கினு கீது. ஏரியாவ அப்பறம் பாத்துக்கலாம், கதவத் தொறங்க" என்றார்.

"வண்டிய எடுய்யா. உன் கம்பெனிக்கு எழுதிப் போட்ருவேன்" என்றார் கண்காணிப்பாளர்.

"எழுதுங்க சார். இப்ப தொறங்க" என்றார் பாஷா.

அதற்குள் வேனுக்குள் அண்ணிக்கு இரண்டாவது முறை வந்துவிட்டது. புஷ்ரா கத்திய சத்தம் மாடிவரை கேட்டிருக்க வேண்டும். சில ஜன்னல்கள் திறந்தன. யாரும் இறங்கி வரவில்லை. கூட்டத்துக்குப் போட்டிருந்த மைக் சத்தத்தை மட்டும் சற்று உயர்த்தினார்கள்.

6. அப்போதுதான் நந்தினி சிஸ்டர் மையத்தின் பக்கவாட்டு வழியாக ஓடி வந்தார். கண்காணிப்பாளர், "சிஸ்டர், நீங்க வார்டுக்குப் போங்க, டாக்டர் ஆர்டர் இல்லாம ஒண்ணும் பண்ணாதீங்க" என்றார். சிஸ்டர் அவரைப் பார்த்து, "டாக்டரக் கூப்பிடுங்க சார், நான் அதுவரைக்கும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். மருத்துவரை யாரும் அழைக்கவில்லை. சிஸ்டர் பிரஷர் பார்த்தார். எண்ணை அவர் எங்களிடம் சொல்லவில்லை, ஆனால் அவர் முகம் மாறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அண்ணியை இடப்பக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்து, வாயில் இருந்த நுரையைத் துடைத்து, திரும்ப உள்ளே ஓடி மருந்தும் ஆக்சிஜனும் கொண்டுவந்தார். அந்த உருளையை வேனில் தூக்கி வைக்கக்கூட ஒரு கை கிடைக்கவில்லை. பாஷாவும் நானும் தூக்கினோம்.

ஊசி போடும் முன் சிஸ்டர் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "இது ஃபிட்ஸ நிறுத்தற மருந்து. இத போடாம அனுப்பினா வழியிலயே மறுபடி வரும். இவங்களுக்கு நீங்க இன்னா வேணும்?" நான் நாத்தனார் என்றேன். "போடட்டுமா?" என்று கேட்டார். நான் போடுங்கள் என்றேன். ஆகவே சம்மதம் பெறாமல் ஊசி போட்டார் என்று வாக்குமூலத்தில் இருப்பது உண்மைக்கு மாறானது. சம்மதம் கொடுத்தவள் நான். கேட்டால் எந்த இடத்திலும் சொல்வேன்.

அதன் பிறகும் அவர் இறங்கவில்லை. வார்டில் இன்னொரு செவிலியரை விட்டுவிட்டு எங்களோடு வேனிலேயே வந்தார். வழி முழுவதும் அண்ணியின் தாடையைப் பிடித்துக்கொண்டு, "சௌமியா, என்னப் பாரு, என்னப் பாரும்மா" என்று பேசிக்கொண்டே வந்தார். பாலத்தருகே எதிரில் வந்த 108-ல் அண்ணியை மாற்றி, அதிலிருந்தவரிடம் என்ன மருந்து கொடுத்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். பாஷாவின் வேன் 108-க்குப் பின்னாலேயே பெரிய மருத்துவமனைக்கு வந்ததால், திரும்பிப் போக அவருக்கு வண்டி இல்லை. சாலையோரமாக நடந்து போனதை 108-ன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பணியிடத்தை விட்டு நீங்கினார் என்ற குற்றச்சாட்டு இதைத்தான் குறிக்கிறது என்று நினைக்கிறேன்.

7. பெரிய மருத்துவமனையில் உடனே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பெண் குழந்தை. உயிர் இல்லை. அண்ணி நினைவில்லாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். குழந்தையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அண்ணன் கையில் கொடுத்தார்கள். டிரம்மில் ஈரத் தோலைத் தூக்கிப் பழகிய கை அது. அவர் அந்தத் துணியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்.

8. இந்த நிலையில், மறுநாள் தங்கள் அலுவலக எழுத்தர் திரு. ஹரிஹரன் பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். அண்ணனைத் தனியே வராந்தாவுக்கு அழைத்துப் போனார். நான் அண்ணியின் துணிகளை அலசப் போயிருந்தேன். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் என்ன சொன்னார் என்பதை அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணு டாக்டரக் கேக்காம வண்டிக்குள்ளயே ஊசி போட்டுட்டா. அதுலதான் கொழந்த போச்சு. நீ ஒரு கையெழுத்து போட்டா நாளைக்கு இன்னொரு வீட்டுல இப்டி நடக்காது." குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து நின்ற ஒரு மனிதனிடம் இதைச் சொன்னால் அவர் என்ன செய்வார். தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். கதவு சாத்தியிருந்ததைப் பற்றியோ, கண்காணிப்பாளர் சொன்னதைப் பற்றியோ அதில் ஒரு வரிகூட இல்லை என்று, பிறகு அதன் நகலைப் படித்த அண்ணன் இப்போது சொல்கிறார். அன்று அவர் அதைப் படிக்கவில்லை.

என்னிடம் சொன்னபோது நான் அவரோடு சண்டை போட்டேன். அவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார். "ஊசி போட்டா, புள்ள செத்துச்சு. இதுக்கு மேல இன்னாத்த சொல்ற நீ" என்றார். அந்த வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

9. அண்ணிக்கு நினைவு திரும்பிய அன்று, அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் சுற்றுக்கு வந்தார். அண்ணன் அவரிடமே கேட்டார். "எந்த ஊசியால மேடம் என் கொழந்த போச்சு?" என்று கேட்டார். அந்த மருத்துவர் அண்ணியின் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஊசியால போகல. பிரஷர் ஏறி ஏறி, ஃபிட்ஸ் வந்ததுல குழந்தைக்கு ரத்தம் போறது நின்னிருக்கு. இன்னும் முன்னாடியே பிரஷரப் பாத்திருந்தா ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்கலாம். அந்த ஊசி போடாம வந்திருந்தா இன்னைக்கு நீங்க இவங்ககூடப் பேசிட்டிருக்க மாட்டீங்க. யார் போட்டாங்க?" அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன்.

அண்ணிக்கு அந்த நாளில் பெரும்பகுதி நினைவில் இல்லை. குழந்தையைப் பற்றி அவரிடம் சொன்னது என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கடினமான காரியம். அழுது ஓய்ந்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "என் மூஞ்சியப் புடிச்சிக்கினு ஒருத்தர் பேசிக்கினே வந்தாங்களே, அவங்க யாரு? அவங்களப் பாக்கணும்" என்பது. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். வெளியே போய்ப் பார்த்தேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "நான் இன்னா பண்ணிட்டேன் தேவிகா" என்றார். அதற்கு மேல் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

10. மறுநாளே அண்ணன் தங்கள் அலுவலகத்துக்கு வந்து, தான் கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். திரு. ஹரிஹரன், "குடுத்தது குடுத்ததுதான். மேல போயிடுச்சு. இப்ப மாத்திப் பேசினா பொய் வாக்குமூலம் குடுத்தன்னு உன் மேலயே கேஸ் வரும்" என்றிருக்கிறார். அண்ணன் தங்களைப் பார்க்கக் கேட்டதற்கு, தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே வாரத்தில் எங்கள் யூனிட்டுக்கும் தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஓட்டுநர் ஆபித் பாஷா அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார் என்று அதில் இருந்தது. யூனிட் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். "தடுத்தது நான் இல்ல சார்" என்று மட்டும் சொன்னார் பாஷா. அவர் வேலை இந்த மாதம் இருக்கிறது. அடுத்த மாதம் இருக்குமா என்பது எங்களுக்குத் தெரியாது.

11. நந்தினி சிஸ்டரை நான் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தேன். குடியாத்தத்தில் அவர் பெற்றோர் வீட்டில் இருந்தார். உள்ளே விசைத்தறி ஓடிக்கொண்டிருந்ததால் வாசலில் நின்று பேசினோம். நான் அண்ணனுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டது அண்ணியைப் பற்றித்தான். "சௌமியாவுக்கு இப்ப பிரஷர் எவ்ளோ இருக்குது? மாத்திரையத் தவறாம போடறாங்களா? இன்னும் கொஞ்ச நாளைக்கு ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். விசாரணையில் எங்கள் சார்பில் பேச வருகிறோம் என்றேன். "கூப்பிட்டா வாங்க. கூப்பிடாம வந்தா கேட்லயே நிறுத்திடுவாங்க" என்றார். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

12. அம்மையீர், இந்த மனுவை நான் எழுதுவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் இதில் தன் கையெழுத்தையும் போட்டிருக்கிறார். இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுப் போட்டார். பொய் வாக்குமூலம் என்று அவர் மேல் வழக்கு வந்தால் அதை அவர் சந்திப்பார். திரு. கங்காதரன் தண்டிக்கப்பட வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை அல்ல. அவருக்கும் மேலிருந்து ஏதோ உத்தரவு இருந்திருக்கலாம். ஆனால் கதவைச் சாத்தியவர் பணியில் இருக்க, கதவைத் தாண்டி வந்தவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதை எங்கள் ஊரில் எந்தக் குழந்தைக்கும் என்னால் விளக்கிச் சொல்ல முடியவில்லை.

ஆகவே,

அ) செவிலியர் நந்தினியின் தற்காலிகப் பணிநீக்கத்தை உடனே ரத்து செய்து, அதே மையத்தில் அவரைப் பணியமர்த்த வேண்டுகிறேன்.

ஆ) வியாழக்கிழமை விசாரணைக்கு என்னையும், என் அண்ணன் மதியழகனையும், திருமதி புஷ்ராவையும், ஓட்டுநர் ஆபித் பாஷாவையும் எழுத்துமூலம் அழைக்க வேண்டுகிறேன். பெரிய மருத்துவமனை மருத்துவரின் கருத்தையும் கேட்டுப் பெற வேண்டும். அண்ணிக்கு இன்னும் அதிகநேரம் உட்கார முடியாது. ஆனாலும் வருவேன் என்கிறார். அவருக்கு ஒரு நாற்காலி மட்டும் தேவைப்படும்.

இ) ஆபித் பாஷா குறித்து எங்கள் யூனிட்டுக்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டுகிறேன்.

ஈ) நாவல்குப்பம் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்பதைத் தாங்களும் ஓடைக்கு அப்பால் உள்ள அலுவலரும் கலந்து பேசி முடிவு செய்து, ஊரில் எழுதி ஒட்ட வேண்டுகிறேன். எங்கள் எதிர்வீட்டு தீபலட்சுமிக்கு இது எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. நேற்று இரண்டு இடங்களுக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார். பிரஷர் பார்க்கவில்லை. எல்லை முடிவாகும்வரை காத்திருக்க அவருக்கு நேரமில்லை. எனவே நாளைக் காலை பத்து மணிக்கு நானே அவரைத் தங்கள் மையத்துக்கு அழைத்து வருகிறேன். எந்த ஊர் என்று கேட்டால் நாவல்குப்பம் என்றுதான் சொல்வேன். தயவுசெய்து கீழே இறங்கி வந்து, கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்) த. தேவிகா
(ஒப்பம்) த. மதியழகன்
(ஒப்பம்) ம. சௌமியா

இடம்: நாவல்குப்பம்
நாள்: 19.11.2024

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களின் மேலான கவனத்திற்கு.